நான் இடம் மாற்றிய நிறுத்தம்

...மைக்கை நீட்டினால் வாய் தானாகத் திறந்துகொள்கிற ஜென்மம் நான், அந்தச் செய்திக்காரப் பெண் கேட்டது என்னவோ பட்ஜெட்டைப் பற்றி, சாமானியனுடைய எதிர்பார்ப்பு என்ன சார் என்றாள், பட்ஜெட்டில் எனக்கு என்ன தெரியும், என் சம்பளம் போகிற வழியே எனக்குத் தெரியாது, ஆனால் தெரியாது என்று சொல்கிற பழக்கம் எங்கள் பரம்பரையிலேயே இல்லையே, "பட்ஜெட் கிடக்கட்டும்மா, இந்த பஸ் ஸ்டாப்பைப் பாரு, வளைவுல நிக்கிறோம், நாம பஸ்ல ஏறுறதுக்குள்ள பஸ் நம்ம மேல ஏறிடும்" என்று ஒரு போடு போட்டேன், அவ்வளவுதான், அந்த வீடியோவை நாடே பார்த்துச் சிரித்தது, எவனோ அதற்கு மேளம்கூடச் சேர்த்துவிட்டான், வருஷக்கணக்காக மனு கொடுத்து நடக்காதது அந்த மாதமே நடந்துவிட்டது, நிறுத்தத்தைப் பெயர்த்து அடுத்த தெருமுனையில் வைத்துவிட்டார்கள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், இந்தத் தவளை கத்தியதில் கெட்டது பக்கத்திலிருந்த பெட்டிக்கடை.

ஆனாலும் பொய் சொல்வானேன், புது நிழற்குடைக்குக் கீழே உட்கார்ந்தால் மனசு குளிர்கிறது, இதோ மழை தூறுகிறது, ஒரு சொட்டு உள்ளே விழவில்லை, வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள், முன்பு அந்த வளைவில் குடையும் பையுமாக எப்படித் தடுமாறுவாள்... அம்மா, இந்தக் கூரை என் வாயால் வந்தது என்று சொல்லிவிடலாமா, சீ, அடங்குடா. அலுவலகத்தில் எனக்கு இப்போது 'மைக்கு' என்று பெயர், மேலதிகாரிகூட "என்ன மைக்கு, நம்ம லிஃப்டைப் பத்தியும் ரெண்டு வார்த்தை சொல்றது" என்கிறார், சந்தோஷமாகத்தான் இருக்கிறது, சந்தோஷப்படுவது குற்றமா? பெட்டிக்கடை அக்கா என்ன நினைக்கிறாள் என்பது மட்டும் தெரிந்துவிட்டால் போதும். மனைவியிடம் கேட்டேன், "நீங்க செஞ்சா சரியாத்தாங்க இருக்கும்" என்றாள், கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் வராத வாக்கியம், உடனே போனை எடுத்தேன். மச்சானிடம் கேட்டேன், எல்லாம் நல்லதுக்குத்தான் மாமா என்றான், யாருக்கு நல்லது என்று சொல்லாமலே போனை வைத்துவிட்டான்.

பஸ் வந்தது, போகட்டும், அடுத்ததில் போகலாம், கால்கள் வளைவை நோக்கித் திரும்பிவிட்டன... இந்த நேரத்துக்குக் கடை முன்னால் சில்லறையை நீட்டும் கைகள்தான் தெரியும், அக்காவின் முகம் தெரியாது, இன்று முகம் முழுதாகத் தெரிந்தது, அதுதான் கஷ்டமாக இருந்தது. பாதிப் பேப்பர்கள் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன, பிஸ்கட் பாட்டில்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள், துடைத்ததையே மறுபடி துடைத்தாள். முன்பெல்லாம் என் தலையைக் கண்டதுமே பேப்பரை மடித்து, மேலே ஒரு மிட்டாயும் வைத்து நீட்டுவாள், இன்று, "என்ன வேணும் சார்?" அந்த சார் இருக்கிறதே... செருப்பால் அடித்திருந்தால்கூட அது பாட்டுக்கு ஆறியிருக்கும்.

"பேப்பர்க்கா. வியாபாரம் எப்படி?"

"மழை சார், எல்லாருக்கும் டல்தான்."

"மழை இன்னிக்குத்தானே வந்துச்சு."

"அதுக்கென்ன, நீங்க பேப்பர் எடுத்துக்கங்க, நனையுது."

அவள் கோபத்தை மழையின் தலையில் கட்டுகிறாளா, அல்லது கோபமே இல்லையா, நானாகத்தான் கற்பனை செய்கிறேனா, நாடு முழுவதும் நம்மைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறது என்கிற வியாதி எனக்கு வந்துவிட்டதா... கடையையும் அங்கே மாற்றித் தரச் சொல்லி நகராட்சியில் நானே எழுதித் தருகிறேன் என்றேன், நான் எழுதிக் கொடுத்தாச்சு என்றாள், என்னவாயிற்று என்றேன், பாப்போம்னாங்க என்றாள், அங்கே இடம் கிடைக்காவிட்டால் என்று இழுத்தேன், மாசக் கடைசியில் மூடிவிட்டு மகள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், அதையும் பிஸ்கட் விலை சொல்வது போலத்தான் சொன்னாள்.

"அக்கா, ஒரே ஒரு கேள்வி. சுத்தி வளைக்காம சொல்லுங்க. எம்மேல கோவமா?"

துணியைக் கீழே வைத்தாள்.

"ஆமா தம்பி, கோவம்தான். ஸ்டாப்பை மாத்துனதுக்கு இல்ல, இந்த வளைவுல விழுந்தவங்களைத் தூக்கி உட்கார வச்சவ நான், அது போனது நல்லதுதான். அன்னிக்கு நீ பேசறப்போ உன் தோளுக்குப் பின்னாடிதான் நின்னேன், அந்த வீடியோல பளிச்சுன்னு தெரியறேன். அதை எத்தனை வாட்டி போட்டுப் பாத்திருப்ப, ஒரு தடவைகூட நீ என்னைப் பாக்கலையா?"