மூன்றாம் ஓலைக்கு முன்

1
இந்தக் கதை மொரப்பூர் ரயிலடியில் காதில் விழுந்த ஒரு கேள்வியிலிருந்து வந்தது. “இதெல்லாம் எட போட்டா தெரியாதா?” என்று ஓர் அம்மாள் மகளிடம் சலித்துக்கொண்டார். மகள் என்ன படித்தாளோ, இயற்பியல் என்று நானாக வைத்துக்கொண்டேன். அன்றோடு என் நிம்மதி போயிற்று.

2
தொடக்கம், ஐந்தாவது தடவையாக: 1989 மே மாதம், சென்னையில் ஆராய்ச்சி செய்யும் லூர்துமேரி பேருந்தை விட்டு இறங்கி… (வேண்டாம். எல்லாக் கதையிலும் யாராவது இறங்குகிறார்கள்.)

நேராகவே சொல்கிறேன். அவளுக்குக் கல்யாணம். மாதா கோயிலில் இரண்டு ஓலை வாசித்தாயிற்று.* மூன்றாவது நாளைக்கு. படிப்பை நிறுத்த வேண்டும் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். அவளைக் கேட்காமலே அப்பா சவுரியப்பன் தலையாட்டிவிட்டார்.

* இன்னாருக்கு இன்னாரோடு திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று பங்குச் சாமியார் மூன்று ஞாயிறு பூசையில் அறிவிப்பது ஓலை. பெண்ணுக்குச் சம்மதமில்லை என்பதும் தடைதான்.

3
புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க்குகளின் எடையைக் கூட்டினால் புரோட்டானின் எடையில் சொற்பமே தேறும். மீதியில் பெரும்பங்கு, இடமும் வலமும் சமமாக நிற்கும் கைரல் சமச்சீர்மை வெற்றிடத்தில் குலைந்ததால் வந்தது என்கிறார்கள். குலையாமல் இருந்திருந்தால் எடை முழுக்கப் போயிருக்குமா, கொஞ்சமாவது மிஞ்சுமா? இதுதான் அவள் ஆராய்ச்சி.

(பத்திரிகை ஆசிரியர் இந்தப் பத்தியை வெட்டச் சொன்னார். அவளுக்கென்று இருப்பதே இந்தப் பத்திதான் ஐயா.)

4
“இன்னும் ஆறு மாசம்மா. கணக்கு முடிஞ்சிரும்.”

அம்மா சாலம்மாள் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். “என்னா பெரிய கணக்கு? எட போட்டா தெரியாதா?”

“எவ்வளவுன்னு தராசு சொல்லும். எதனாலன்னு சொல்லாதும்மா.”

முறம் நின்றது. “நாளைக்குப் பூசையில எந்திரிச்சி ஏதாச்சும் சொல்லிப்புடாத கண்ணு. உங்கப்பா தாங்க மாட்டாரு.”

“அப்ப நீ சொல்றியா?”

சாலம்மாள் மறுபடி புடைக்கத் தொடங்கினாள்.

5
முடிவு அ: லூர்துமேரி எழுந்து பேசுகிறாள். (இத்தனை நேரம் கொடுக்காத துணிச்சலை இப்போது ஒட்டவைத்தால் நிற்காது.)

முடிவு ஆ: சாலம்மாள் எழுந்து, “சாமி, எம்பொண்ணு…” (எழுதினேன், அழுதேன், கிழித்துவிட்டேன்.)

களைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது. சாமியார் மூன்றாம் ஓலையை வாசித்துவிட்டு நிமிர்கிறார்.

தடை தெரிந்தவர்கள் கோயிலில் நாலு பேர். அப்பா, அம்மா, மகள் மூவரும் வாய் திறக்க மாட்டார்கள். அவர்களை அப்படி எழுதித் தொலைத்துவிட்டேன். நாலாவது ஆள் நீங்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பேசாவிட்டாலும் யாரும் கேட்கப்போவதில்லை, கொஞ்சம் எடை மிஞ்சும், அவ்வளவுதான்.

சாமியார் இன்னும் காகிதத்தை மடிக்கவில்லை.