கட்டிலில் படுத்திருந்தவர்

தையல்கார மாஸ்டருக்கு ஆளைத் தொட்டு அளவெடுக்கத் தேவையில்லை. துணியில் விழுந்த சுருக்கத்தைப் பார்த்தே தோளளவு, இடுப்பளவு சொல்லிவிடுவார். அந்தத் திறமைதான் இப்போது அவர் நிம்மதியைக் கெடுத்தது.

புராஸ்டேட்டில் புற்றுநோய் என்று அறுவை சிகிச்சை செய்து உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் அதன்பின் அவருக்கு விறைப்பே வரவில்லை. டாக்டரிடம் கேட்கலாம்தான். ஊர் ஆண்களின் இடுப்பையெல்லாம் கூச்சமில்லாமல் அளந்த மனுஷனுக்கு இதைக் கேட்க மட்டும் வாய் வரவில்லை. மனைவியிடம் சொல்வது அதைவிடப் பெரும்பாடு. "சிறுநீர் கசியுது, மெத்தை நாறிடும்" என்று ஒரு சாக்குச் சொல்லி, முன்னறையில் மெஷினுக்குப் பக்கத்தில் பாயை விரித்துக்கொண்டார். அவள் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு மதியம் கத்தரிக்கோலைத் தேடிப் படுக்கையறைக்குள் போனவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் முன்பு படுத்துவந்த பக்கத்தில் விரிப்பு கசங்கியிருந்தது. அகலமான தோள், கனமான இடுப்பு. சந்தேகமே இல்லை, ஒரு ஆம்பளை படுத்த கசங்கல். மறுநாள் மூடிய கதவுக்குப் பின்னால் அவள் யாருடனோ தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. கட்டில் முனகியது. மாஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவன் அவன்? அவள் சமையலறைக்குப் போனதும் நாடாவோடு உள்ளே நுழைந்து கசங்கலை அளந்தார். நோய் வந்து உடம்பு இளைப்பதற்கு முன்பு அவருக்கே இருந்த அளவு அது.

அடுத்த மதியம் பேச்சுக்குரல் கேட்டதும் கதவைத் தள்ளினார். அவள் கண்ணை மூடி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் யாருமில்லை. ஆனால் அவள் கை மெத்தையில் படவில்லை. ஒரு மார்பின் உயரத்தில் எதன் மேலோ கிடந்து, மெல்ல ஏறி மெல்ல இறங்கியது.

"நான் இங்க நிக்கிறேன்," என்றார் மாஸ்டர். "ஆபரேஷனுக்கு அப்புறம் என்னால முடியல. சொல்ல வெக்கப்பட்டுதான் தள்ளிப் படுத்தேன்."

அவள் கண்ணைத் திறந்தாள். கையை எடுக்கவில்லை.

"டாக்டர் அன்னைக்கே எங்கிட்ட சொல்லிட்டாரு. நீங்களா வந்து சொல்வீங்கன்னு பார்த்துக்கிட்டிருந்தேன்."

"அப்ப இது யாரு?"

"தெரியலைங்க. நீங்கதான்னு நெனச்சேன்." அவள் குரல் அடங்கியிருந்தது. "இவரும் ஒண்ணும் செய்யல. சும்மா பக்கத்துல படுத்திருந்தாரு. எனக்கு அது போதுமா இருந்துச்சு."

அவள் கை மெல்ல மெத்தைக்கு இறங்கியது. மாஸ்டர் பயந்துகொண்டே அவள் பக்கத்தில் படுத்தார். அந்த இடம் இன்னும் சூடாக இருந்தது.