லாசரஸ் வீட்டுப் பித்தளை மீன்

அந்தப் பித்தளை மீனை நான் திருடியது 1984 ஜூலையில். ஆட்காட்டி விரல் நீளம்தான் இருக்கும். வயிற்றில் சிப்பி பதித்து, வாலோரம் மூன்று புள்ளிகள் குத்தி, அடியில் ஒரு கொக்கி மாட்டியிருந்தது. தூண்டில் நரம்பில் கட்டித் தண்ணீருக்குள் இழுத்தால் உயிருள்ள மீனைப் போலவே நெளியும். விரால் ஏமாந்து வந்து கவ்வும். புழு தேட வேண்டியதில்லை.

அது எதிர் வீட்டு லாசரஸ் அண்ணாவுடையது. ரயில்வேயில் இருந்த அவருடைய அப்பா விட்டுப்போனது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் சிட்லபாக்கம் ஏரிக்குப் போவோம். "எனக்குக் குடுத்துடுங்கண்ணா" என்று இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன். சிரித்துவிட்டார். ஒருநாள் அவர் கை கழுவ உள்ளே போனபோது தூண்டில் பெட்டி திறந்து கிடந்தது. எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு எதிர்ச்சாரியிலிருந்த என் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்த வீட்டில் அப்போது அவருடைய மச்சான் தயாளன் தங்கியிருந்தான். வேலை கிடைக்காதவன். முன்பு ஒரு முறை சொல்லாமல் ரேடியோவை விற்றுவிட்டவன். பழி நேராக அவன் மேல் போய் விழுந்தது. பைபிள்மேல் கைவைத்துச் சத்தியம் செய்தான். லாசரஸ் அண்ணா கேட்கவில்லை. டிரங்குப் பெட்டியோடு அவன் தெருவில் நின்றபோது ஒரு பக்கம் பிடித்து பஸ் ஸ்டாப் வரைக்கும் தூக்கிச் சென்றவன் நான்தான்.

"நீங்களாவது நம்புங்க சார், நான் எடுக்கல."

"நம்புறேன்" என்றேன்.

மீனை ஏரிக்கு எடுத்துப் போக முடியாது, பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஒன்பது வருஷம் பீரோவில் துணிகளுக்கு அடியில் கிடந்தது. 1993-இல் ஒரு பத்திரிகையில் பழைய தூண்டில் சாமான்கள் சேர்ப்பவரைப் பற்றிப் படித்தேன். இது இங்கிலாந்தில் செய்ததாக இருக்கும், அந்த மூன்று புள்ளிகள் ஏதோ கம்பெனியின் முத்திரை என்று எனக்கு ஒரு நினைப்பு. பெங்களூரிலிருந்த அவருக்குப் போட்டோ அனுப்பினேன். பதில் வந்தது: கொக்கி மட்டும் சீமைச் சரக்கு, உடம்பு கைவேலை. சிப்பியைப் பார்த்தால் உங்கள் கடற்கரைப் பக்கம்தான் செய்திருக்க வேண்டும், மீனவர்களிடம் கேளுங்கள்.

மறு சனிக்கிழமை கோவளத்துக்கு பஸ் ஏறினேன். மீன் விற்கிற இடத்தில் இரண்டு மூன்று பேரிடம் காட்டினேன். செல்லம்மா என்கிற பெண் கையிலிருந்த வஞ்சிரத்தைக் கீழே வைத்துவிட்டு அதை வாங்கிப் பார்த்தாள்.

"இது எங்க மாமனாரு செஞ்சது சார். ரங்கன்னு பேரு. வெள்ளைக்கார தொரை ஒருத்தரு ஒடைஞ்சு போன மீனு ஒண்ணைக் காட்டி, இத்த மாதிரியே வோணும்னாராம். பித்தளைக் கரண்டியை வெட்டி செஞ்சு குடுத்தாரு. அப்புறம் ரெயில்காரங்கல்லாம் கேட்டு வாங்கிகினு போனாங்க. இந்த மூணு புள்ளி அவரு வெக்கிறதுதான்."

கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தோடு நோட்டை எடுத்தேன். அவள் பேசிக்கொண்டே போனாள்.

"இதையே கேட்டுகினு முன்னாடி ஒருத்தரு வந்தாரு, ரெயில்காரங்க யாரோ எடம் சொன்னாங்களாம். எட்டு ஒம்போது வருசம் இருக்கும். மாமனாருக்கு அப்பவே கண்ணு போயிடுச்சு. முடியாதுன்னாலும் அந்தாளு நாலு நாளு இங்கயே குந்திகினு கெடந்தாரு. 'நான் எடுக்கலம்மா, ஆனா இதே மாதிரி ஒண்ணு கொண்டு போய்க் குடுத்தா எங்கக்கா வூட்டுல சேத்துக்குவாங்க'ன்னு ஒரே அழுகை. தயாளன்னு பேரு. உனுக்குத் தெரியுமா சார்?"

நோட்டை மூடினேன்.

அன்று சாயங்காலமே எதிர் வீட்டுக்குப் போய் மீனை மேசைமேல் வைத்துச் சொன்னேன். கோவளத்தில் கேட்டதையும் சேர்த்துச் சொன்னேன். லாசரஸ் அண்ணா அடிப்பார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ரத்தினபாய் அக்காதான் பேசினாள்.

"பொத்தேரியில மெஸ்ஸில சமைக்கிறான். ரெண்டு லெட்டர் போட்டான். நான் பதில் எழுதல, தேவானந்தம். கூடப் பொறந்தவ நானே நம்பல."

மறுநாள் காலை மூன்று பேரும் போனோம். காலேஜ் பையன்கள் சாப்பிடும் மெஸ்ஸின் பின்கட்டில் தயாளன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். தலை பாதி நரைத்திருந்தது. அக்காவைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"நான்தான் எடுத்தேன்" என்றேன். "அன்னிக்கு உன் பெட்டியைத் தூக்கிட்டு வந்தப்பவே அது என் வீட்டுலதான் இருந்தது."

கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தான். கோபம் வந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"நீங்க ஒருத்தர்தான் நம்புனீங்கன்னு இத்தனை வருஷமா சொல்லிட்டு இருந்தேன் சார்" என்றான்.

பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, "சாப்பிட்டியாக்கா?" என்று கேட்டான். அவள் உடைந்து அழுதாள். லாசரஸ் அண்ணா அவன் தோளைத் தொடக் கையைத் தூக்கி, தொடாமலே இறக்கிக்கொண்டார். தயாளன் இரண்டு ஸ்டூல் இழுத்துப் போட்டு, இரண்டு தட்டு எடுத்து வைத்தான்.

யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. நானே ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வந்து தாம்பரம் பஸ்ஸுக்காக நின்றேன்.