அக்கா தேறிய ஆங்கிலத் தேர்வு

பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் நான் தற்காலிக உதவியாளர். பட்டம் வாங்க எல்லா மாணவர்களும் எழுதியாக வேண்டிய ஆங்கிலத் திறன் தேர்வைத் தயாரிப்பவர் எங்கள் பேராசிரியர். முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'அகராதி' என்று பெயர். என் வேலையை நிரந்தரமாக்கும் சிபாரிசுக் கடிதம் இரண்டு மாதமாக அவர் மேஜையில் கையெழுத்துக்குக் கிடக்கிறது.

மாலை வகுப்பில் வினாத்தாள் அமைப்பது பற்றிப் படிக்கிறேன். திங்களன்று ஒரு சோதனை சொல்லித் தந்தார்கள்: வாசிக்க வேண்டிய பத்தியை எடுத்துவிட்டுக் கேள்விகளை மட்டும் கொடு, அப்படியும் ஒருவர் தேறினால் அது வாசிப்புத் தேர்வே அல்ல.

செவ்வாயன்று அகராதியின் புதிய வினாத்தாளை அப்படிச் சோதித்தேன். எழுதியவள் என் அக்கா. அதே கட்டடத்தில் விடைத்தாள் தைப்பவள். ரகசியம் காப்பதாக எழுதிக் கொடுத்திருப்பவள். ஆங்கிலத்தில் தன் பெயரை எழுதுவாள், அவ்வளவுதான். ஆறு நிமிடத்தில் முடித்தாள். நாற்பதுக்கு முப்பத்தொன்று. நான்தான் தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று மூன்று முறை கூட்டினேன்.

"எப்படிக்கா?"

"நாலு பதில்ல எது நீளமோ அதைத் தொட்டேன். உங்க சார் சரியான பதிலுக்கு மட்டும் வால் வச்சுத் தைச்சிருக்காருடி."

அகராதியிடம் சொன்னேன்.

"விடைத்தாள் தைக்கிறவ என் வினாத்தாளைத் திருத்துறாளா?"

"திருத்தலை சார். பாஸாயிட்டா."

"இருபத்தாறு வருஷமா பேப்பர் செட் பண்றேன்மா. நீ அந்த வகுப்புக்கு எவ்வளவு நாளாப் போற?"

"நாலு மாசம் சார்."

அவர் சிரித்த சிரிப்பில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆனாலும் வியாழனன்று திருத்திய தாள் வந்தது. தவறான பதில்களையெல்லாம் ஜவ்வாக இழுத்திருந்தார். சரியானவை அப்படியே இருந்தன.

அக்கா ஒரு பார்வை பார்த்தாள். "ஓ, இப்ப குட்டையைத் தொடணுமா?"

முப்பத்துமூன்று.

இருபத்தாறு வருடமாக அளவு நாடாவைத் தேர்வு என்று நீட்டிக்கொண்டிருக்கும் இந்த மனிதருக்கா தினமும் எழுந்து நின்று வணக்கம் வைத்தேன்?

அச்சுக்குப் போகுமுன் பரிசோதனை அறிக்கையை நான் எழுத வேண்டும். அவர் கையெழுத்திட வேண்டும். வழக்கமாக 'திருப்தி' என்று ஒரே சொல்தான். நான் நான்கு வரி எழுதினேன். எழுதியவர்: ஒருவர். ஆங்கில அறிவு: இல்லை. பத்தி: கொடுக்கப்படவில்லை. மதிப்பெண்: 33/40, தேர்ச்சி.

அவர் முன்னால் வைத்தேன். என் கடிதத்தை இப்போதே கிழித்துப் போடுவார் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் போனில் யாருடனோ பேசிக்கொண்டே கையெழுத்துப் போடும் இடத்தைத் தேடிப் போட்டார். அதற்கடியில் கிடந்த என் கடிதத்திலும் அதே வேகத்தில் கிறுக்கித் தள்ளினார்.

மாணவர்களை நானூறு சொல் பத்தியை வாசிக்கச் சொல்பவர், நான்கு வரி வாசிக்கவில்லை.

கடிதத்தைப் பையில் வைத்தேன். எண்களை இன்னொரு முறை சரிபார்த்துவிட்டு, அறிக்கையைத் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அறைக்குக் கொண்டுபோனேன். அந்த அம்மா எதையும் படிக்காமல் கீழே வைப்பதில்லை.