பகல் நேரத்துப் பூங்கா

வீணாவுக்கு மூன்று வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. பசித்தால் அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்து இழுப்பாள். பிடிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அப்பன் அருண்குமார் ஆட்டோ ஓட்டுகிறவன். "நானும் லேட்டாத்தான் பேசுனேனாம். தானா வரும், விடு" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவான். அம்மா யசோதாவுக்கு மனசு கேட்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கிருந்த லேடி டாக்டர் காதைச் சோதித்தார். தரையில் உட்கார்ந்து வீணாவோடு பந்து உருட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "நாள் பூரா குழந்தை என்னம்மா பண்ணுது?"

யசோதா ஒளிக்காமல் சொன்னாள். பெங்களூர் அடுகோடியில் கிரில் பட்டறைக்கு மேலே ஒற்றை அறை. கீழே இரும்பு அறுக்கிற சத்தம் ஓயாது, ஜன்னலைத் திறக்க முடியாது. காலையிலும் சாயங்காலமும் அவள் வீடுகளுக்குச் சமைக்கப் போய்விடுவாள். அந்த நேரமெல்லாம் குழந்தை கையில் போன், கதவுக்கு வெளித்தாழ்ப்பாள். பக்கத்து அறைக்காரி அவ்வப்போது எட்டிப் பார்ப்பாள்.

"காதுல கோளாறு இல்ல. நல்ல சூட்டிகையாவும் இருக்கா" என்றார் டாக்டர். "பேச்சுப் பயிற்சிக்கு எழுதித் தர்றேன், வாராவாரம் கூட்டிட்டு வா. ஆனா அது மட்டும் போதாது. முகம் பார்த்துப் பேச ஆளு வேணும், கூட ஆட பசங்க வேணும், ஓட ஒரு இடம் வேணும். இந்த வயசை விட்டுடாதே."

பஸ்ஸில் வரும்போது அந்த 'ஓட ஒரு இடம்'தான் யசோதாவின் மண்டையில் சுற்றிக்கொண்டே இருந்தது. தெரு முனையில் மாநகராட்சிப் பூங்கா இருந்தது. ஊஞ்சல், சறுக்குமரம், பெரிய தூங்குமூஞ்சி மரம், எல்லாம் உண்டு. எதிரிலிருந்த அபார்ட்மெண்ட் சங்கம் அதைப் பராமரித்துவந்தது. ஆனால் பகல் முழுக்க, சாயங்காலம் நாலு மணி வரைக்கும், கேட்டில் பூட்டுத் தொங்கும். யசோதாவுக்கு ஓய்வு கிடைப்பதோ அந்தப் பகலில் மட்டும்தான்.

மறுநாள் வீணாவோடு பூங்கா வாட்ச்மேன் டொமினிக்கிடம் போய் நின்றாள்.

"திறக்கக் கூடாதுக்கா. அம்புஜம் மேடம் ஆர்டர். அவங்கதான் சங்கத்துக்கு செக்ரெட்டரி."

குழந்தையை அவனிடம் விட்டுவிட்டு, யசோதா நேராக எதிர் அபார்ட்மெண்டில் மேலே போய் அம்புஜத்தின் கதவைத் தட்டினாள். அந்தம்மா முழுசாகக் கேட்டார். முகத்தில் கொஞ்சம் இரக்கம்கூடத் தெரிந்தது.

"பாவமாத்தான் இருக்கு. ஆனா உனக்குத் திறந்தா பட்டறைப் பசங்க எல்லாம் வந்துடுவாங்க. எல்லாத்தையும் உடைச்சுப் போட்டுடுவாங்க. வீட்லயே ரெண்டு பொம்மை வாங்கிக் குடேன்."

"பொம்மை பேசாது மேடம்."

"ரூல்னா ரூல்தான்மா."

யசோதா படியிறங்கி வந்தாள். கேட் கம்பிக்குள் கையை விட்டு வீணா சறுக்குமரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பூங்காவின் மதில் இடுப்பளவுதான். யசோதா துப்பட்டாவை இழுத்து இடுப்பில் முடிந்தாள். குழந்தையை மதில்மேல் உட்காரவைத்து, தானும் ஏறி உள்ளே குதித்தாள்.

டொமினிக் பதறிவிட்டான். "யக்கா! என் வேலை போயிடும்க்கா!"

"நீ சொல்லச் சொல்லக் கேக்காம நான் குதிச்சேன்னு சொல்லு. பொய் இல்லையே!"

அவன் போன் போட்டதும் அம்புஜம் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவந்தார். அதற்குள் வீணா சறுக்குமரத்தின் படியில் ஏற முயன்று, வழுக்கி, மறுபடி ஏறிக்கொண்டிருந்தாள்.

"என்ன தைரியம் உனக்கு! முதல்ல வெளியே வா!"

"வரமாட்டேன் மேடம். இது கார்ப்பரேஷன் பார்க்கு."

"ஏதாவது உடைஞ்சா யாரு பதில் சொல்றது?"

"உடைஞ்சா வெல்டிங் வெச்சு ஒட்டலாம், எங்க ரூமுக்குக் கீழயே பட்டறை இருக்கு. இவளுக்கு இந்த வயசு போச்சுன்னா எதை வெச்சு ஒட்டறது?"

அம்புஜத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "டொமினிக், கேட்டைத் திறக்காதே. நாலு மணி வரைக்கும் உள்ளயே கிடக்கட்டும்!"

கிடந்தார்கள். வெயில் ஏறியது. யசோதா வாய் ஓயாமல் பேசினாள். எறும்பைக் காட்டி எறும்பு என்றாள், மண்ணை அள்ளி மண் என்றாள், சறுக்கும்போதெல்லாம் "ஜோய்" என்று கத்தினாள். மதிலோரம் போன பட்டறைக்காரர்கள் வேடிக்கை பார்த்துச் சிரித்தார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை. தன் பெண் இப்படி வியர்த்து விறுவிறுத்து அவள் பார்த்ததே இல்லை.

நான்கு மணிக்கு டொமினிக் கேட்டைத் திறந்தான். வேலைக்கு நேரமாகிவிட்டது. "வா கண்ணு, போலாம்" என்று யசோதா கையைப் பிடித்தாள். வீணா சறுக்குமரத்தின் கம்பியை இறுகக் கட்டிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினாள்: "மாட்டேன்!"

யசோதா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது, கண்ணிலும் தண்ணீர் கொட்டியது. "அப்படிச் சொல்லுடி என் தங்கமே" என்றாள்.

அடுத்த நாளும் மதில் ஏறிக் குதித்தாள். அந்த வாரமே பக்கத்து அறைக்காரி தன் பிள்ளையோடு வந்தாள், பிறகு பின்சந்துப் பெண்கள் வந்தார்கள். அம்புஜம் போலீஸைக் கூப்பிட்டார், பெண்கள் அசையவில்லை. எல்லாருமாக வார்டு ஆபீஸுக்குப் போய்க் கன்னடத்தில் சத்தம் போட்டார்கள். பல தடவை அலைந்த பிறகுதான் பூட்டு போனது. அம்புஜம் இன்றுவரை யசோதாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

வீணாவுக்கு ஒரே நாளில் பேச்சு கொட்டிவிடவில்லை. வாராவாரப் பயிற்சிக்கும் போகிறாள். தமிழில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று என்று வார்த்தைகள் மெல்லச் சேர்கின்றன.

இப்போதெல்லாம் காலை வேலைக்கும் சாயங்கால வேலைக்கும் யசோதா குழந்தையைக் கூட்டிக்கொண்டுதான் போகிறாள். ஒரு வீட்டில், குழந்தையோடு வராதே என்றார்கள்.

"அப்போ வேற ஆளைப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, வீணாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.