சுந்தரவல்லியின் பேஸ்பால் ஃபைல்

வாயே திறக்காத குழந்தையும் ஓயாமல் கத்தும் பெட்டியும் ஒரே விமானத்தில் வந்து இறங்கினால் ஒரு வீடு என்ன பாடுபடும்? ஆர்.கே.புரம் சுந்தரவல்லியைக் கேட்டால் விடிய விடியச் சொல்லுவாள்.

குழந்தை விஜயலக்ஷ்மிக்குப் பதினோரு வயது. அமெரிக்காவில் கார் விபத்தில் போய்விட்ட சுந்தரவல்லியின் தம்பிக்கு ஒரே பெண். தாயார் வேலையும் வீடும் தேடிக்கொண்டு ஒரு நிலைக்கு வரும்வரை, ஒரு வருஷம் அத்தையிடம் இருக்கட்டும் என்று தில்லிக்கு அனுப்பியிருந்தாள். பெட்டி, டீவியில் மாட்டி விளையாடும் வீடியோ கேம். அதில் பேஸ்பால் என்று ஒரே ஒரு ஆட்டம்.

எண்பத்து நாலாம் வருஷத்து சித்திரை வெயில். அமெரிக்கப் பெட்டிக்கு நம்மூர் கரண்ட் ஆகாது, அதற்கென்று தனியாக ஒரு டிரான்ஸ்ஃபார்மர். அதைப் போட்டால் கூலரை அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஃப்யூஸ் போய்விடும். கலர் டீவியிலும் படம் கறுப்பு வெள்ளையாகத்தான் வந்தது. ஆனால் என்ன படம்! பந்து போடுகிறவனின் தோளுக்குப் பின்னாலிருந்து காமிரா பார்க்கிறது, பந்தின் நிழல் தரையில் ஓடுகிறது, தூர்தர்ஷனில் மேட்ச் பார்க்கிற மாதிரியே இருந்தது. போதாததற்குக் கட்டைத் தொண்டையில் பெட்டியே “ஸ்ட்ரைக்!” என்றது, “யூ ஆர் அவுட்!” என்றது. வீட்டில் அதன் குரல்தான் கேட்டது. குழந்தை தலையை மட்டும் ஆட்டியது.

“மூணு வாரம் ஆச்சு,” என்றார் கணவர் ராமசுப்ரமணியன். செக்‌ஷன் ஆபீசர், கெட்டவர் இல்லை. “ஒரு வார்த்தை பேசலை. மசூரி ஹாஸ்டல்ல போட்டா நாலு குழந்தைகளோட பழகிச் சரியாயிடுவா. திங்கட்கிழமை ஃபாரம் போயாகணும்.”

சுந்தரவல்லிக்கு மனசு ஒப்பவில்லை. இந்தப் பெண்ணையும் அனுப்பிவிட்டால் தம்பி இன்னொரு தரம் போன மாதிரி. ஆபீசுக்குப் பத்து நாள் லீவு எழுதிப் போட்டாள்.

முதலில் அவள் கண்ணில் பட்டது இதுதான். இரண்டு பேர் ஆட வேண்டிய ஆட்டம் அது. டெலிபோன் போல எண் பொத்தான் வைத்த கைப்பிடிகள் இரண்டு. குழந்தை இடது கையில் ஒன்றும் வலது கையில் ஒன்றும் வைத்துக்கொண்டு தானே பந்து போட்டது, தானே அடித்தது. “நானும் வரட்டுமாடி?” என்றாள். மாட்டேன் என்று தலையாட்டல். “எப்படி ஆடறதுன்னாவது சொல்லேன்.” அதற்கும் தலையாட்டல். விளக்கப் புத்தகமும் பெட்டியோடு வரவில்லை.

சரிதான் போ! பத்தொன்பது வருஷம் அமைச்சகத்தில் யு.டி.சி. குமாஸ்தாவாகக் குப்பை கொட்டியவளுக்கு, புரியாத விவகாரம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாதா? ஃபைல் திறந்தாள். பச்சை நோட்டிங் தாள், ஓரத்தில் துளை போட்டு டேக் கட்டி, பாராவுக்குப் பாரா நம்பர். கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும், ஊகம் கூடாது, மேலதிகாரி எழுத மார்ஜின் விட வேண்டும். எல்லாம் இங்கிலீஷில்தான், ஆபீஸ் பழக்கம்.

கூலர் இல்லாத அறையில் முந்தானையால் விசிறிக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தாள். பதினோரு பாரா தேறியது. அதில் மூன்றாவதில் கிரிக்கெட் புத்தி குறுக்கே புகுந்துவிட்டது: ‘அடித்தபின் ஓட இஷ்டமில்லையென்றால் நின்றுகொள்ளலாம்.’ ஆறாவது: ‘பந்து நாலு தரம் விலகிப் போய், அடிப்பவன் மட்டையை வீசாமல் விட்டால், சும்மாவே முதல் முனைக்கு நடக்கலாம். மூன்று முனையிலும் ஏற்கெனவே ஆள் இருந்தால், எல்லாரும் ஒரு முனை நகர்ந்து ஒரு ரன்னும் கிடைக்கும்.’ பதினோராவது: ‘ஒன்பது ஆட்டத்தில் ஒன்பதும் இடது கையே ஜெயித்தது. காரணம் தெரியவில்லை.’

சனிக்கிழமை இட்லித் தட்டுக்குப் பக்கத்தில், ‘ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது’ என்று கையெழுத்துப் போட்டு ஃபைலை வைத்தாள்.

குழந்தை இட்லியை மறந்துவிட்டுப் படித்தது. பென்சில் எடுத்தது. மூன்றாவது பாரா மார்ஜினில், ‘தப்பு. ஓடியே ஆகணும்.’ ஆறாவதில், ‘சரி.’ பதினோராவதில் ஒன்றும் எழுதவில்லை. பென்சில் முனை அழுந்திய ஒரு புள்ளி மட்டும் இருந்தது.

மறுநாள் காலை, ராமசுப்ரமணியன் மலை மந்திர் கோயிலுக்குப் போயிருந்தபோது, வலது கைக் கைப்பிடி சுந்தரவல்லியின் மடியில் வந்து விழுந்தது. அடி என் கண்ணே!

ஆடினாள். கட்டை விரல் வலித்தது. அடிக்கத் தெரியாவிட்டாலும் அவளுக்கு விடத் தெரியும். விலகின பந்தையெல்லாம் விட்டு விட்டு நடந்தே ரன் சேர்த்தாள். கடைசி இன்னிங்ஸில் ரன் மூன்றுக்கு மூன்று, சமம். அவள் ஆட்கள் மூன்று முனையிலும் நின்றார்கள். மூன்று பந்து விலகியாயிற்று. இன்னொன்றும் விலகினால் இடது கை முதல் தடவையாகத் தோற்கும்.

நாலாவது பந்து வந்தது. அதுவும் எங்கோ விலகிப் போயிற்று. சுந்தரவல்லி அந்தச் சின்ன முகத்தைப் பார்த்தாள். பாவம், ஜெயிக்கட்டுமே என்று மட்டையை வீசினாள்.

“ஸ்ட்ரைக்!” என்றது பெட்டி. சும்மா வரவேண்டிய ரன் போயிற்று.

“அத்தை! ஏன் அடிச்சே?”

சுந்தரவல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “தெரியாம... கை பட்டுடுத்துடி.”

“பொய்! உனக்குத் தெரியும். பேரா சிக்ஸ்ல நீயே எழுதியிருக்கே!”

எழுதின கையே காட்டிக்கொடுத்துவிட்டது.

“அப்பாவும் இப்படித்தான்,” குழந்தையின் உதடு கோணியது. “எப்பவும் வேணும்னே தோப்பார். நான் பேபி இல்லை, இனிமே உன்னோட ஆட மாட்டேன்னு கத்தினேன். லாஸ்ட் கேம் அதுதான். அடுத்த நாள் கார்ல...” அழுகை பீறிட்டது. “லெஃப்ட் அப்பாவோடது. அவர் ஜெயிக்கணும்.”

சுந்தரவல்லி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவளும் அழுதாள், தம்பிக்காக வாய்விட்டு அழ இத்தனை நாள் நேரமே கிடைத்திருக்கவில்லை. “அவன் சின்ன வயசுலேயே அப்படித்தான்டி. கேரம்ல என்கிட்ட வேணும்னே தோத்துட்டுப் பல்லை இளிப்பான். எனக்கும் பத்திண்டு வரும்.”

“நிஜமாவா?”

“சத்தியமா. உன் மாதிரிதான் நானும் கத்துவேன்.”

பெட்டி அடுத்த பந்துக்காகச் சும்மா காத்துக்கொண்டிருந்தது. குழந்தை மூக்கைத் துடைத்துக்கொண்டு இடது கைப்பிடியை எடுத்தது. “அத்தை, இப்ப ஒழுங்கா ஆடு. நானும் ஒழுங்கா ஆடறேன். யார் தோத்தாலும் சரி.”

அந்த நேரம் பார்த்து ராமசுப்ரமணியன் நெற்றியில் விபூதியும் கையில் சாமியிடம் வைத்து எடுத்த ஹாஸ்டல் ஃபாரமுமாக உள்ளே வந்தார். நேராக டீவிக்கு முன்னால் நின்றார். “வல்லி, இதிலே ஒரு கையெழுத்து...”

“அத்திம்பேர், ஜல்தி நகருங்கோ! பந்தே தெரியலை!”

அவர் குழந்தையைப் பார்த்தார், மனைவியின் நனைந்த கன்னத்தைப் பார்த்தார். ஃபாரத்தை நாலாக மடித்து ஜிப்பா பையில் போட்டுக்கொண்டு, ஓரமாக நகர்ந்து தரையில் உட்கார்ந்தார்.

“இதிலே எந்தப் பக்கம் நம்ம பக்கம்?” என்றார்.