முதல் சூட்டுத் தண்ணீர்

இசக்கியம்மாள் கடைசியாகத் தூங்கியது 1967ஆம் வருஷம் மாசி மாதத்தில், ஒரு வியாழக்கிழமை. மறுநாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் வரவில்லை. கண் எரியவில்லை, தலை வலிக்கவில்லை. படுத்தால் கூரை ஓடுகளைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள், அவ்வளவுதான். மேற்கு மாம்பலத்தில் அவர்கள் குடியிருந்த சந்தில் ஒரு மாதம் அதைப் பற்றிப் பேசினார்கள். பிறகு, விழித்திருக்கிறவள்தானே என்று, குழாயில் தண்ணீர் வரும்போது தங்கள் குடத்தையும் வைக்கச் சொல்லிவிட்டு எல்லோரும் தூங்கப் போனார்கள்.

அவள் கணவன் அய்யாதுரை திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் நின்றபடி புடவை விரித்து, நின்றபடி மடித்து, உட்காருவதையே மறந்துபோயிருந்தவன், அதே மாசியில் வேலையை விட்டுவிட்டு ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் ஓர் இஸ்திரி வண்டி போட்டான். பெட்டியில் புதுக்கரி போட்டதும் வருகிற முதல் சூட்டை நம்ப முடியாது, ஊரார் சட்டையைக் கருக்கிவிடும். அதனால் அந்தத் தொழிலில் முதல் சூட்டை வீட்டுத் துணியில்தான் பார்ப்பார்கள். அய்யாதுரை தினமும் காலையில் அதை இசக்கியம்மாளின் நூல் புடவையில் பார்த்தான். சந்திலேயே இஸ்திரி போட்ட புடவை கட்டுகிறவள் தன் மனைவி ஒருத்திதான் என்பதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

துவைத்தால் துணியில் அழுக்குப் போகும், அலுப்புப் போகாது. அது நூலுக்குள் உட்கார்ந்துகொள்ளும். அய்யாதுரை தண்ணீர் தெளித்துப் பெட்டியை அழுத்தியபோது அது ஆவியோடு வெளியே வந்தது. வேறு யார் தேய்த்தாலும் வரவில்லை. ஏன் என்று அவனுக்கும் தெரியாது. கோட்டைக்கு ரயிலேறிப் போய்க் கணக்கெழுதிவிட்டு வரும் சங்கரன், ஐம்பது வயதில், அவன் தேய்த்துக் கொடுத்த சட்டையோடு சனிக்கிழமை சாயங்காலம் மாம்பலம் மேம்பாலத்தை இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறியதைப் பார்த்தவர்கள், மறுநாளே தங்கள் சட்டைகளைக் கொண்டுவந்து வண்டியில் குவித்தார்கள். ஆவி மேஜைமேல் விரித்த போர்வையில் இறங்கியது. மாலையில் அதைப் பிழிந்தால் வடிகஞ்சி நிறத்தில் தண்ணீர் வரும். ஒரு நாள் அதை ஓர் ஆடு குடித்துவிட்டது.

ஜாம் பஜாரில் அத்தர் கடை வைத்திருந்த இனாயத் பாய் ஒரு கல்யாணத்துக்காகத் தன் ஷெர்வானியைத் தேய்க்க வந்தபோது அந்த ஆடு வண்டிக்கடியில் கிடந்தது.

"இன்னா நைனா, ஆடு பூட்ச்சா?"

"தூங்குது பாய். செவ்வாக்கிழமைலேருந்து."

அன்று வெள்ளிக்கிழமை. இனாயத் பாய் குத்தவைத்து உட்கார்ந்து ஆட்டின் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். "அடையார்ல நம்ம கிராக்கி ஒருத்தரு கீறாரு, ரிட்டையரு ஜட்ஜு. நாலு வருசமாத் தூக்கம் இல்லாம பங்களாவச் சுத்திகினு கீறாரு. இந்த ஆடு தூங்கறதப் பாத்தா அந்த மன்சன் பொறாமைல செத்துடுவாரு," என்றார். பிறகு தண்ணீரை முகர்ந்து பார்த்து, "இத்த புட்டில அடைப்பியா, இல்ல ஆட்டுக்கே ஊத்திகினு இருப்பியா?" என்று கேட்டார்.

அய்யாதுரை முதல் புட்டியை வீட்டுக்குத்தான் கொண்டுபோனான். இசக்கியம்மாள் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "கஞ்சித்தண்ணில உப்புப் போட மறந்துட்டாவ," என்று சொல்லிப் புட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது புட்டி அடையாறுக்குப் போயிற்று. ஜட்ஜ் மறுநாள் மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை என்று தகவல் வந்தது.

அப்படித்தான் சுகநித்திரைக் கம்பெனி பிறந்தது. இதை எந்த வகையில் சேர்ப்பது என்று அரசாங்கத்துக்குத் தெரியாததால் பன்னீர் வகையில் சேர்த்து உரிமம் கொடுத்தார்கள். இஸ்திரி வண்டி பத்து மேஜைகள் கொண்ட கொட்டகையானது. எந்த மேஜையில் எவர் துணி வைத்தாலும் பெட்டியின் பிடியில் அய்யாதுரை ஒருமுறை கை வைத்துக் கொடுத்தால் போதும் என்று தெரிந்துகொண்டார்கள். புட்டி கழுவுவது, நிரப்புவது, தக்கை அடைப்பது எல்லாம் இசக்கியம்மாள். களைப்பு அறியாதவள், தூக்கம் அற்றவள், அவளைப் போல வேலையாள் எந்தக் கம்பெனிக்கும் அமையாது என்று இனாயத் பாய் எல்லோரிடமும் சொன்னார். அய்யாதுரையும் தலையாட்டினான்.

சரக்கில் இரண்டு தரம் இருந்தது. இரண்டாம் தரம் ஊரார் துணியிலிருந்து வந்தது. அதில் தூங்கியவர்களுக்கு ரயிலைத் தவறவிடுகிற கனவு வரும். கண்டக்டர்களின் சட்டை அதிகம் வந்த வாரத்தில் தூக்கத்திலேயே டிக்கெட் கிழித்தார்கள். முதல் தரம் காலையில், முதல் சூட்டில் இறங்கும் தண்ணீர். புதுக்கரியின் வேகம் அது என்று அய்யாதுரை நம்பினான். அதில் கனவே கிடையாது, கிணற்றில் போட்ட கல் மாதிரித் தூக்கம். எழுந்தால் வலது தோள் மட்டும் வலிக்கிறது என்றும், உள்ளே யாரோ குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிற சத்தம் கேட்கிறது என்றும் ஜட்ஜ் ஒருமுறை சொல்லியனுப்பினார். அசல் சரக்கென்றால் அப்படித்தான் இருக்கும் என்று இனாயத் பாய் பதில் அனுப்பினார்.

வருஷங்கள் போயின. 1974இல் கிண்டியில் ஒரு பெரிய ஷெட் கொடுக்க ஆள் இருந்தது, வங்கி கடன் கொடுக்கத் தயாராக இருந்தது. முதல் தரம் மட்டும் போதவில்லை. பத்துப் பெட்டியிலும் புதுக்கரி போட்டு, பத்து முதல் சூடு எடுத்துப் பார்த்தார்கள். ஒன்பது மேஜையில் ரயில் கனவுதான் இறங்கிற்று. துணிதான் போதவில்லை, அலுப்பு ஊறிய துணி வேண்டும் என்று நினைத்துக்கொண்டு அய்யாதுரை மயிலாப்பூருக்குப் பஸ் ஏறினான். வடக்கு மாட வீதியில் அபயாம்பாள் வீட்டில், அவர் கணவரின் சட்டைகளை அவன்தான் பல வருஷமாகத் தேய்த்துவந்தான். அந்த அம்மாளின் ஒன்பது கெஜப் புடவை கொடியில் உயரத்தில் காய்ந்துகொண்டிருந்தது. அதைக் கேட்டான்.

அபயாம்பாள் சிரித்தார். "நன்னா இருக்கே! மடிப் புடவையை இஸ்திரிக்குப் போடுவாளா? கொம்பால எடுத்துக் கட்டிக்கறேன், எங்காத்துக் குழந்தைகளையே தொட விடமாட்டேன், நீ கரிப்பெட்டியோட வந்து நிக்கறியே."

"அலுப்பெல்லாம் போயிரும்மா. சார் சட்டைல பாக்கீங்கள்லா?"

"பாக்கறேனே! அவர் மோட்டுவளையப் பாத்துண்டு கெடக்கார். நான் பொழுது விடியறதுக்கு முன்னாடி எழுந்துண்டு, எல்லாத்தையும் முடிச்சுட்டுத் தலையைச் சாய்ச்சா அடிச்சுப் போட்டாப்ல தூங்கறேன். இந்தாத்துல எனக்குன்னு இருக்கறது அந்த அலுப்பு ஒண்ணுதான். அதையும் நீ உருவிண்டு போயிட்டா நான் எதை வெச்சுண்டுப்பா தூங்கறது?"

அய்யாதுரை வந்த பஸ்ஸில் ஏறவில்லை. லஸ்ஸிலிருந்து நடந்தான். பிறத்தியார் அலுப்பு என்பது உறைமோர் மாதிரி. அது உறைவதற்கு உள்ளே சொந்தமாகக் கொஞ்சமாவது பால் இருக்க வேண்டும். இசக்கியம்மாளிடம் ஒரு சொட்டும் இல்லை. தினமும் காலையில் அவன்தான் எடுத்துக்கொண்டிருந்தான். முதல் சூட்டில் ஒன்றும் இல்லை. தேனாம்பேட்டை வரும்போது அவனுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் மாம்பலம் வரை வேறெதையும் நினைக்காமல் நடந்தான்.

ஆனால் வீட்டில் அதைச் சொல்லவில்லை. வங்கி மானேஜர் வந்து பார்க்கிற வாரம் அது. மறுநாளும் புடவையைத் தேய்த்தான். அதற்கு மறுநாளும். அந்த மாதம் முழுவதும் தேய்த்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

ஒரு மத்தியானம் கொட்டகையில் புட்டி கழுவ வந்த வேம்பு, மூட்டையில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். இசக்கியம்மாள் கையில் தக்கையோடு அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பசித்த ஒருத்தி பந்தியில் இடம் கிடைக்காமல் அடுத்தவர் இலையைப் பார்ப்பது போல இருந்தது அது. அய்யாதுரை அவளருகில் போய் நின்றான்.

"ஏளா, ஒம் பொடவைய நான் இனிமே தேய்க்க மாட்டேன்."

"ஏன், கருகிட்டா?"

"ஒந் தூக்கம் பூரா அதுலதான் இருந்திருக்கு. நாந்தான் எடுத்திருக்கேன். எடுத்து அடையாறுக்கு அனுப்பியிருக்கேன்."

இசக்கியம்மாள் கையிலிருந்த புட்டிக்குத் தக்கையை அடைத்தாள். இன்னொரு புட்டியை எடுத்து அதற்கும் அடைத்தாள்.

"அங்கன எல்லாரும் நல்லாத் தூங்குதாவளா?"

"தூங்குதாவ."

"ம்." அடுத்த புட்டியை எடுத்துக்கொண்டே, "நான் படுத்துட்டா கிண்டி ஷெட்ட யாரு பாப்பா?" என்றாள்.

"யாரும் பாக்க வேண்டாம்."

அவள் கசங்கிய புடவையோடு அந்த வாரம் முழுவதும் வேலை செய்தாள். முதலில் கால் கனத்தது, பிறகு தோள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வாரக் கடைசியில், ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு பகலில், கொட்டகை வாசலில் உட்கார்ந்து, ஏழரை வருஷத்தில் முதல்முறையாகக் கொட்டாவி விட்டாள். அது வேம்புவிடம் போய், கீரைக்காரியிடம் போய், சந்து முழுவதும் பரவி, ரயில் நிலையத்தை எட்டியது. கார்டு கொட்டாவி விட்டு முடிக்கிறவரை தாம்பரம் வண்டி நின்றது. இசக்கியம்மாள் அப்படியே சாய்ந்தாள். அய்யாதுரை அவளைத் தூக்கிக்கொண்டுபோய் உள்ளே படுக்கவைத்தான்.

கிண்டி ஷெட் வேறு யாருக்கோ போயிற்று. இனாயத் பாய் பத்து நாள் திட்டினார், பிறகு மீதமிருந்த இரண்டாம் தரத்தை ஜாம் பஜாருக்குக் கொண்டுபோய், தீரும்வரை விற்றார். தூக்கம் கெட்ட அடையாறுக்காரர்கள் கார் போட்டுக்கொண்டு சந்துக்கு வந்தார்கள். உள்ளே அவள் விடுகிற மூச்சைக் கேட்டபடி ஜட்ஜ் வாசலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். சில நாள் கொஞ்சம் கண்ணயர்வார். "உள்ள வுட்டுப் பாக்கறதுக்கு டிக்கெட் போடலாம் நைனா," என்று இனாயத் பாய் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அய்யாதுரை அவரை வெறுமனே பார்த்தான். அவர் மறுபடி அதைச் சொல்லவில்லை.

அவள் தூங்கினாள். சந்தில் தார் போட்டார்கள், மூன்று கல்யாணம் நடந்தது, சங்கரன் ரிட்டையர் ஆனார். அய்யாதுரை சமைத்தான், இஸ்திரியை விட்டு வேறு வேலைக்குப் போய் வந்தான், அவனுக்கும் அலுப்பாக இருந்தது, தூங்கினான். 1978இல் ஒரு விடியற்காலை இசக்கியம்மாள் கண்ணைத் திறந்து, "பால் வந்துட்டா?" என்று கேட்டாள்.

"வந்துட்டு. வாங்கி வச்சுட்டேன்," என்றான்.

"சரி," என்று மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.